கட்டைமேல் வைக்காத விரல்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் எதிரில் பேசவே கூசுவேன். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் திருப்புலிவனம். டார்ச் லைட்டுக்கும் ரேடியோவுக்கும் போடும் பேட்டரிக் கட்டை தீர்ந்துபோனால் உடனே வீசிவிட மாட்டோம். வெயிலில் காயவைப்போம்; இன்னும் இரண்டு நாள் ஓடும். உத்திரமேரூரில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு அது போதவில்லை. செத்த கட்டைக்குக் கரண்டு ஏற்றிக் காட்டுகிறேன் என்று, பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பலகையில் திருகி, சுவிட்சும் மீட்டரும் வைத்து வயர் இழுத்தார்.

"பொணத்துக்கு உசுரு குடுக்கப் போறாரு தொரை," என்றார் என் அப்பா, நைனா.

"ரேடியோ பாடட்டும், அப்பால பேசுண்ணே."

கட்டை சூடேறினால் உடனே நிறுத்த வேண்டும், விட்டால் வெடிக்கும் என்றார் சித்தப்பா. ஈயம் பற்றவைக்கும் கம்பி சுட்டுச் சுட்டு அவர் விரல் மரத்துப் போயிருந்தது, இளஞ்சூடு தெரியாது. அதனால் சுவிட்சில் அவர் கை, கட்டைமேல் என் விரல். எனக்கு ஒன்பது வயது.

கொஞ்ச நேரம் தொட்டிருந்தேன். உள்ளே ஏதோ சுர்ரென்றது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடுதா, பாப்பா?"

"இல்ல சித்தப்பா."

"பயந்துக்கினு கீறியா?"

"இல்ல சித்தப்பா."

அவர் கட்டைப் பக்கம் குனிந்தார். பட்டென்று ஒரு சத்தம். அவர் முகமெல்லாம் கறுப்புக் குழம்பு. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவிட்சை அணைத்தவர், அதே கையால் என் கையை இழுத்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

நைனா ஓடி வந்தார். "குயந்தைய வச்சிக்கினு இன்னா வேலைடா இது?"

"தப்பு என்னுதுண்ணே. தண்ணி கொண்டா, கண்ணு எரியுது."

தொட்டிருந்தால் விரலில் கறுப்பு ஒட்டியிருக்கும். என் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் கையை இழுத்துப் பார்த்தார், இப்போது நைனாவிடம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணைவிட அதுதான் எனக்குப் பெரிய பயம். அவர் சொல்லவில்லை. கண் எரிகிற ஒருவர் அப்படி விரல் விரலாகப் பார்க்க வேறு காரணம் இருக்கும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். பார்வைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். திரும்பும்போது நைனா இரண்டு புதுக் கட்டை வாங்கி வந்தார்.