ராயபுரத்துக்கு ரூம் கிடையாது

போன வாரம் எங்களைக் கடற்கரையில் ஒரு வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். இன்னும் ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுகிறதா, பார்க்கிறேன்.

என் கணவர் தேவராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பவர். சமீபகாலமாக வீட்டுக்கு வந்தால் போனில் சர்ஃபிங் வீடியோ... எந்நேரமும் அதுதான்.

"கடலைப் பாத்துகினே வயசாயிட்ச்சு ஸ்டெல்லா. ஒரு தபா அதும் மேல ஏறி நின்னுட்டா போதும்" என்பார்.

எங்கள் பக்கத்துக் கடலில் எங்கே ஏறி நிற்பது? ராயபுரம் கரையில் இருப்பதெல்லாம் அலையைத் தடுக்கக் கொட்டி வைத்த கருங்கல்தான். அதனால் எங்கள் மகள் நிஷா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சர்ஃபிங்குக்குப் பெயர்போன ஓர் ஊரில் எங்களுக்கு அறை போட்டுக் கொடுத்தாள். ஊரின் பெயர் வேண்டாம். ஊர் என்ன பாவம் செய்தது?

ஹோட்டல் இல்லை, ஹாஸ்டல். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற பிள்ளைகள் தங்குகிற சிக்கனமான இடம். "நைனா, அங்க எல்லாரும் பேக்பேக்தான் மாட்டுவாங்க. சூட்கேஸ் தூக்கிட்டுப் போய் மானத்தை வாங்காதீங்க" என்று தன் காலேஜ் பைகளைக் கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு பிராட்வேயில் பஸ் ஏறினோம். ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவர் என் தோளுக்கு மேலாக எட்டி எட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஹாஸ்டல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் நீலமும் மஞ்சளுமாய் ஓவியம். ஊஞ்சல். வரிசையாகச் சாய்த்து வைத்த சர்ஃப் போர்டுகள். வரவேற்பில், தலைமுடியைக் கொண்டையாக முடிந்த ஓர் இளைஞன். "ஹாய்! வெல்கம்!" என்று வாயெல்லாம் பல். நான் ஆங்கிலத்தில் புக்கிங் விவரத்தைச் சொன்னேன். எலுமிச்சைத் துண்டு மிதக்கிற தண்ணீர் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இவர் ஒரு போர்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இன்னா தம்பி, அலை எப்ப நல்லா கீது? காத்தாலயா, சாய்ங்காலமா?"

அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

இவரை மேலும் கீழும் பார்த்தான். ஆதார் கேட்டான். வாங்கிப் பார்த்தான். உள்ளே போனான். திரும்பி வந்து, என்னிடம் மட்டும் சொன்னான்:

"ஸாரி மேடம். லோக்கல் ஐடி நாங்க எடுக்கறதில்ல. பாலிசி."

"லோக்கலா? நாங்க ராயபுரத்துலேர்ந்து வர்றோம். இது லோக்கலா?"

"சென்னை ஐடின்னாலே லோக்கல்தான் மேடம்."

கேட்டீர்களா? சென்னைக்காரனுக்குச் சென்னையை ஒட்டிய கடற்கரையில் படுக்க இடம் கிடையாது. சொந்த ஊர்க்காரன் என்பது ஒரு குற்றம்! எனக்குத் தெரிந்து, லோக்கல் ஆள் என்றால் தாராளமாக இடம் கொடுக்கிற ஒரே இடம் மூலக்கொத்தளம் சுடுகாடுதான்.

சரி, முட்டாள்தனமானாலும் எல்லோருக்கும் பொதுவான விதி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே காரில் ஓர் இளம் ஜோடி வந்து இறங்கியது. அந்தப் பெண் ஆதாரை மேஜைமேல் வைத்தாள். என் கண்ணெதிரேதான் கிடந்தது. விலாசம் – அடையாறு, சென்னை. அவன் சாவியை எடுத்து நீட்டினான்.

"அவங்களும் சென்னைதானே?" என்றேன்.

"அவங்க வேற மேடம்..."

"வேறன்னா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஏதோ எனக்கு நல்லது சொல்கிற மாதிரி. "இங்க வர்ற கிரவுட் வேற மேடம். உங்களுக்கே கம்ஃபர்ட்டபிளா இருக்காது."

என் வசதியைப் பற்றி அவனுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்!

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். கூட வந்தவன் சாவியை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தான். போய்விட்டார்கள்.

நாட்டின் சரக்கில் பாதி எங்கள் தெருவை இடித்துக்கொண்டுதான் போகிறது. அந்தப் புகையையும் தூசியையும் நாங்கள் தின்கிறோம். அங்கே வருகிறவர்களிடம் யாராவது விலாசம் கேட்டோமா? அவன் மேஜையில் பளபளத்த காபி மிஷினும், சுவரில் சாய்ந்திருந்த அந்தப் போர்டுகளும் கப்பலில் வந்திருந்தால்... என் கணவரே இறக்கி வைத்திருக்கலாம். அவர் இறக்கிய பொருள் உள்ளே வரலாம். அவர் வரக்கூடாது!

இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். இவர் அதற்குள் இரண்டு பைகளையும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா ஸ்டெல்லா. போலாம்."

சத்தமே இல்லை. கிரேனுக்குக் கீழே குறுக்கே வண்டியை விடுகிற டிரைவரை மேலிருந்தே விரட்டுகிற குரல் அது. அன்றைக்கு எனக்கே பாதிதான் கேட்டது.

மீனவர் தெருவுக்குள் நடந்தோம். ஒரு மாடி வீட்டில் 'ரூம் வாடகைக்கு' என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. வாசலில் ஒரு பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"வணக்கம் அம்மா. இங்கே தங்குவதற்கு அறை ஏதேனும் கிடைக்குமா?"

என் நெஞ்சில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூட இவர் இப்படிப் பேசியதில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை போட்ட என் அப்பாவிடம், "உங்க பொண்ணைக் கண்கலங்காம வச்சிகினு காப்பாத்துவேன் நைனா" என்று தன் பாஷையில்தான் சொன்னார். எந்த அதிகாரி முன்னாலும் மாற்றிக்கொள்ளாத பேச்சு. அதை அந்தக் கொண்டைக்காரன் சில நிமிடத்தில் பிடுங்கிவிட்டானே! ரூம் போனால் போகட்டும். ஒரு மனிதனைத் தன் பேச்சைக் கண்டே பயப்படும்படி செய்ய இவர்கள் யார்?

மீன் கழுவிய பெண் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாண்ணா, டிவியில நியூஸ் படிக்கிறியா?"

இவர் திகைத்து நின்றார்.

"எந்த ஊரு?"

இவர் என்னைப் பார்த்தார். தயக்கமாக, "சென்னை" என்றார்.

"சென்னைல எங்க?"

"...ராயபுரம்."

"அட இன்னாண்ணா நீ! நா எண்ணூரு! கட்டிக்குடுத்துதான் இங்க வந்தேன். அத்த மொதல்லயே சொல்லாம வணக்கம், அறைன்னுகினு..."

இவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. பைகளைக் கீழே வைத்தார். "ரூம் கீதா இல்லியா, அத்த சொல்லும்மா!"

அவள் பெயர் கலா. மாடி அறையில் ஒரு பாய், ஒரு ஃபேன், ஜன்னல் நிறையக் கடல். ராத்திரி நெத்திலிக் குழம்பு. சாப்பிடும்போது கலாவிடம் நடந்ததைச் சொன்னேன். "எங்களையும் உள்ள வுட மாட்டாங்கக்கா. மீன் குடுக்கப் பின்பக்கமாத்தான் போவணும்" என்றாள். எனக்குக் குழம்பு இறங்கவில்லை. இவர் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, கலாவின் கொழுந்தன் இவரைக் கடலில் இறக்கினான். சர்ஃபிங் கற்றுக்கொடுப்பதுதான் அவன் தொழில். நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். இவர் ஏறினார், விழுந்தார். ஏறினார், விழுந்தார். உப்புத் தண்ணீரைத் துப்பித் துப்பி மறுபடி ஏறினார்.

அப்போது அந்த அடையாறு பெண் தனியாக என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, நேத்து நான் பேசியிருக்கணும். சும்மா போயிட்டேன். ராத்திரி தூக்கமே வரல." பிறகு, "நீங்க பத்திரிகையில எழுதறவங்கதானே? எங்கம்மா உங்களை விடாம படிப்பாங்க. காலையில அந்த மேனேஜர்கிட்ட நல்லா கேட்டுட்டேன்" என்றாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில், கொண்டை இளைஞன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன்தான் மேனேஜராம். கையில் பழத்தட்டு!

"மேடம், ரொம்ப ஸாரி. நீங்க யாருன்னு தெரியாம நடந்துருச்சு. கடல் பார்த்த ரூம் ரெடி பண்ணிட்டேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது அப்போதுதான்.

"யாருன்னு தெரியலைன்னா இப்படித்தான் நடத்துவீங்களா? நான் எழுதலைன்னா? அவர் வெறும் தேவராஜா மட்டும் வந்திருந்தா?"

தட்டு மட்டும் நீண்டபடி இருந்தது.

"ஸாரியை என்கிட்ட சொல்லாதீங்க. அவர்கிட்ட சொல்லுங்க."

இவர் போர்டை இடுக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்தார். அவன் "ஸார்..." என்று ஆரம்பித்தான். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நைனா, நேத்து நீ என் மூஞ்சியப் பாத்துப் பேசல. இவகிட்டதான் சொன்ன. அதான் எனக்குப் பேஜாராயிட்ச்சு. ரூம் வோணாம். எங்க தங்கச்சி வூடு கீது. எங்களாட்டம் இன்னொருத்தன் வருவான்... அவன் மூஞ்சியப் பாத்துப் பேசு. போ."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். திருந்தினானா? எனக்கு நம்பிக்கையில்லை. பழத்தட்டோடு வருகிறவர்கள் ஆளைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

இவர் மறுபடி கடலுக்குள் போனார். இந்த முறை நின்றார். ஒரு வடையைக் கடித்து விழுங்குகிற நேரம்தான். "ஸ்டெல்லாஆஆ!" என்று அவர் போட்ட கூச்சலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதீர்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் போன் சிணுங்கியது. அந்த ஹாஸ்டலிலிருந்து மெசேஜ் – 'எங்களுடன் தங்கிய அனுபவம் எப்படி? ஸ்டார் கொடுங்கள்!'

இவர் எட்டிப் பார்த்தார்.

"மைனஸ்ல ஸ்டார் கீதா பாரு!"