ஆறாம் வகுப்பு, அ பிரிவு

பள்ளியிலிருந்து வந்த பட்டியலில் ஏழாவது வரி: பூட்டுடன் கூடிய தகர டிரங்குப் பெட்டி ஒன்று. ஆறாவது வரி வாளி, எட்டாவது வரி கொசுவலை. என் மகள் இனியாவுக்கு மத்திய அரசின் விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். நான் ஐந்து நாளாகப் பேனாவை எடுக்கிறேன், மூடியைக் கழற்றுகிறேன், திரும்ப மூடுகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் கணவரிடம் போனில் கேட்டால், "நீ என்ன நெனைக்கிற?" என்கிறார். அது தெரிந்தால் நான் ஏன் அவருக்குப் போன் செய்யப் போகிறேன்?

பெட்டி கையில் வந்துவிட்டால் முடிவும் கூடவே வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. ஞாயிற்றுக்கிழமை இனியாவையும் அழைத்துக்கொண்டு அம்பகரத்தூரில் என் அப்பா அம்மா வீட்டுக்குப் போய், பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். திறந்ததும் அந்துருண்டை நெடி. அதற்கு அடியில் லேசாக எனாமல் பெயிண்ட் வாசனை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பெயிண்ட் வாசனை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். எனக்கு வந்தது. மூடியின் மேல் மஞ்சள் எழுத்தில், "ரா. பூங்கொடி, ஆறாம் வகுப்பு, அ பிரிவு" என்று எழுதியிருந்தது. பூங்கொடி நான்தான்.

"ம்மா, நீயும் ஹாஸ்டல்லயா படிச்ச?" என்றாள் இனியா.

"இல்லடி."

"அப்பறம் ஏன் எழுதியிருக்கு?"

அந்தக் கதையை அவளுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

நான் அம்பகரத்தூர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது படித்தபோது, அந்த விடுதிப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு எங்கள் தலைமையாசிரியர் மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தார். அறிவாளிப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க அவர் ஒரு தனி முறை வைத்திருந்தார். விண்ணப்பத்தில் ஏகப்பட்ட கட்டங்கள். பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று என்று கூடவே ஒரு கட்டு. எந்தப் பிள்ளையின் அப்பா இதையெல்லாம் வாத்தியாரைத் தொந்தரவு செய்யாமல் முடித்துக் கொடுப்பாரோ அந்தப் பிள்ளை அறிவாளி. என் அப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க். ஆகவே நான் மேதை.

தேர்வில் கணக்கும் தமிழும் போக, மனத்திறன் என்று ஒன்று உண்டு. ஒரு படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சார் எங்களை வீட்டிலிருந்து கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். நான் அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்துப் போனேன். ஒரு மாதம் அப்பா ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டு, தாடையில் பிளாஸ்திரியோடு ஆபீஸ் போனார். தேர்வு நாளன்று கண்ணாடியை உள்ளே கொண்டு போகக் கூடாது என்றார்கள். கண்ணாடி இல்லாமல் கண்ணாடியில் எப்படித் தெரியும் என்று நான் அழுதேன். இப்போது யோசித்தால், அப்போதே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. முடிவு வருவதற்கு முன்பே காரைக்காலுக்குப் போய்ப் பெட்டி வாங்கி, கடைப் பலகை எழுதும் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டார்.

"எந்த கிளாஸும்மா எழுதணும்?"

"ஆறாவதுன்னு எழுதுங்க."

"என்ன பிரிவு?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். "அ பிரிவுன்னே போடுங்க. அதுலதான் நல்லாப் படிக்கிற புள்ளைங்க இருக்கும்."

முடிவு வந்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகள் வரிசையில் எனக்கு இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அதாவது, தேர்வாகும் அளவுக்கு அறிவு இருந்தது, எனக்கு முன்னால் ஓர் ஆள் மட்டும் கூடுதலாகப் போய்விட்டது. அந்த ஓர் ஆள் யார் என்பதும் கல்வி அலுவலகப் பலகையில் ஊர்ப் பேரோடு ஒட்டியிருந்தது. தேர்வானவர்களில் கடைசிப் பெயர்: வளர்மதி, கிளிஞ்சல்மேடு. காரைக்கால் கடலோரத்து மீனவர் ஊர். அவள் வரவில்லை என்றால் நான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வளர்மதி பேச்சுதான். முன்பின் பார்த்திராத அந்தப் பெண்ணுக்கு வெளியே போகப் பிடிக்காத குணம், இளகிய மனம், பாசக்காரத் தாய் எல்லாம் இருப்பதாக அம்மாவே கற்பனை செய்துகொண்டார். பத்ரகாளியம்மன் கோயிலில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவர் வேண்டியது இன்னும் காதில் இருக்கிறது.

"தாயே, அந்தப் புள்ளைக்கு ஒரு கெடுதலும் வேண்டாம். சும்மா ஒரு காய்ச்சல் மாதிரி... வேண்டாம் வேண்டாம், அதுவும் வேண்டாம். மனசு மட்டும் மாறட்டும். அவ மனசு மாறாட்டி அவங்கம்மா மனசு."

காளியிடம் போய் இவ்வளவு நாசூக்காக யாராவது கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. அம்மனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மீன் வாங்குற மாதிரிப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோங்க. அனுப்புறாங்களா இல்லியான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். அப்பா முடியாது என்றுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கையில் வயர் கூடையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

கிளிஞ்சல்மேட்டில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பரீட்சையில் பாஸ் பண்ணிய பொண்ணு வீடு என்றதும் நாலு பேர் கூடவே வந்து விட்டார்கள். வளர்மதியின் அப்பா கடலுக்குப் போயிருந்தார். வளர்மதி நண்டுக் கால் மாதிரி மெலிந்து, என்னைவிட அரை அடி குட்டையாக நின்றாள். அவள் அம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவர் அழுகிறார் என்றதும் என் அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அம்மாவும் பார்த்துவிட்டு, அவசரமாக முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டார்.

பொம்பளைப் பிள்ளையை எப்படி விட்டுவிட்டு இருப்பது என்பதுதான் அவர் அழுகை. இத்தனைக்கும் அந்தப் பள்ளி துபாயில் இல்லை. அதே காரைக்காலில்தான், பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருந்தது. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள்.

அப்பாவின் சட்டைப் பையில் பேனாவைப் பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சார், நீங்க படிச்சவங்களாட்டம் தெரியுறீங்க. இந்தப் புள்ளய அனுப்பலாமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்யுறேன்."

யோசித்துப் பாருங்கள். காளி இதைவிட என்ன செய்ய முடியும்? வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், தலையைக் கொஞ்சம் ஆட்டினால் போதும். அம்மா அப்பாவைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா காலி வயர் கூடையைப் பார்த்தார்.

பிறகு சொன்னார்: "அனுப்புங்கம்மா. புள்ள அழும். நீங்களும் அழுவீங்க. ஒரு மாசத்துல அது நிறுத்திடும், நீங்க நிறுத்த மாட்டீங்க. நாம அழுவுறோங்கிறதுக்காவ அதத் தடுக்கலாமா?"

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. "ஃபார்மெல்லாம் குடுத்தாச்சா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை. எதை எங்கே எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் தேதி தானாகவே போயிருக்கும். அப்பா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். எங்கே கைநாட்டு வைப்பது என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். இருப்பிடச் சான்றுக்கு யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்குப் போனால் அவர் சீட்டில் இருப்பார் என்பதுவரை சொன்னார். அந்த நேரத்தில் நானும் வளர்மதியும் வாசலில் நின்று ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு நான் யாரென்று தெரியாது. நான் முறைத்தேன் என்பதற்காக அவளும் முறைத்தாள்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு முழுக் கொடுவா மீனைக் கூடையில் போட்டுவிட்டார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியவர் திரும்பியபடியே வந்தார். திருநள்ளாறு தாண்டித்தான் வாயைத் திறந்தார். "அரிச்சந்திரன் வூட்டுப் பக்கத்துல நீங்க ஒரு வீடு பாத்துக்கிட்டுப் போயிடுங்க. நானும் புள்ளையும் இங்க இருந்துக்கிறோம்."

"அந்தம்மா என்னய நம்பிக் கேட்டுச்சுல்ல?"

"நானுந்தான் நம்பிக் கூட்டிட்டு வந்தேன்."

மீனைக் குழம்பு வைத்தார். வாழ்க்கையில் அப்படி ஒரு குழம்பு நான் சாப்பிட்டதில்லை. கோபத்தில் புளியும் காரமும் தூக்கலாகி, அதுவே பக்குவமாகிவிட்டது. என் சீட் எனக்குக் கடைசியில் அந்த வடிவத்தில்தான் வந்து சேர்ந்தது. இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

வளர்மதியைப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். இனியாவுக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, ஊசி போட்ட நர்ஸின் சட்டையில் அந்தப் பெயர். கிளிஞ்சல்மேடா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பழைய வீடு சுனாமியோடு போய்விட்டது, இப்போது உள்ளே தள்ளிக் குடியிருப்பு வீட்டில் இருக்கிறோம் என்றாள். நான் அம்பகரத்தூர் என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"உங்க ஊரு கொம்யூன் சார் ஒருத்தரு, மீன் வாங்க வந்தவரு, எனக்கு ஃபார்ம் எழுதிக் குடுத்துட்டுப் போனாராம். எங்கம்மா இன்னும் சொல்லும். யாருன்னு தெரியுமாக்கா ஒங்களுக்கு?"

தெரியாது என்றுவிட்டேன். தெரியும் என்றால் அவர் எதற்கு மீன் வாங்க வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். "சாம்பார்ல பருப்பத் தேடணும். மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்றாள். அடுத்த ஊசிக்குப் போனபோது அவளைப் புதுச்சேரிக்கு மாற்றியிருந்தார்கள்.

இப்போதெல்லாம் முடிவு போனுக்கு வருகிறது. பட்டியலில் பெயரில்லை, ஊரில்லை, வெறும் எண்கள். இனியாவின் எண்ணுக்குப் பின்னால் காத்திருக்கும் எண் யார், திருப்பட்டினமா, காரைக்கால்மேடா, எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கும் என்னைத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இந்த ஐந்து நாளும் வாசலில் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். யாராவது ஒரு பொய்க் காரணத்தோடு, காலிக் கூடையோடு வந்து நிற்க மாட்டார்களா? அனுப்பலாமா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அனுப்புங்கள் என்று சொன்னால் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் சொல்லக்கூடிய ஆளின் வார்த்தையைத்தான் நம்ப முடியும். யாரும் வரவில்லை.

சரி, பழைய ஆளையே கேட்போம் என்று, திறந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடி அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரை மடித்தார்.

"இப்ப எதுக்கும்மா ஹாஸ்டல்? இங்க பள்ளிக்கொடமே இல்லியா? மாசத்துக்கு ஒரு நாளுதான் பாக்க வுடுவானாம். பாப்பா பாவம். ஒடம்பு கிடம்பு சரியில்லன்னா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, "இந்தாளப் போயி கேக்குறா பாரு" என்றார்.

கிளிஞ்சல்மேட்டில் அவர் சொன்னதை அவருக்கே சொன்னேன். புள்ள அழும், நீங்களும் அழுவீங்க, ஒரு மாசத்துல அது நிறுத்திடும் என்று வரி பிசகாமல் முழுவதையும். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானா சொன்னேன்?"

"நீங்கதான்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அடுத்தவங்க புள்ளன்னா வாய்க்கு நல்லாத்தான் வருது" என்றார். பிறகு தன் பேனாவை எடுத்து நீட்டினார். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா பஸ்ஸில் திருப்பிக்கொண்ட மாதிரியே.

பெட்டியைச் சாத்தி, மூடியின் மேலேயே கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். காத்திருக்கும் எண்ணே, உன் அம்மாவிடம் சொல், மன்னித்துவிடச் சொல். இங்கே வந்திருந்தால் குழம்பாவது வைத்திருப்பேன்.

இனியா மஞ்சள் எழுத்துகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "ம்மா, பேர மட்டும் அழிச்சாப் போதும். கிளாஸ் கரெக்டாத்தான் இருக்கு."

பெயிண்ட்டைத் துடைக்க மண்ணெண்ணெய் கேட்டேன். மண்ணெண்ணெய் வீட்டில் இருந்தே வருஷக்கணக்காகிறது என்றார் அம்மா. கடைசியில் நகப்பூச்சு அழிக்கும் தண்ணியைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். அரை மணி நேரத்தில் பூங்கொடி போய்விட்டாள். ஆறாம் வகுப்பு, அ பிரிவு, அப்படியே இருந்தது.