என் மகளின் குரலில் பேசிய பெடியன்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஒன்றை எழுதும்போது மற்றது மறந்துபோகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கிழமை இங்கே ஜேர்மனியில், மகன் வீட்டு ரீவியில் ஒரு படம் போனது. கண் தெரியாத ஒரு வயதான எழுத்தாளர். அவருக்குப் புத்தகம் வாசித்துக்காட்ட வரும் வெள்ளைக்காரப் பெடியன். வாசிக்க வந்தவனை அவர் எழுதப் பழக்குகிறார். அந்தப் பெடியனை எனக்குத் தெரியும். அவன் தமிழில் அல்லவா பேசுவான்? இங்கே ஜேர்மன்காரரின் டொச்சில் பேசிக்கொண்டிருந்தான். தேநீருக்கு வந்திருந்த பக்கத்துவீட்டு ஜேர்மன்காரியிடம் அவன் வாயைக் காட்டி, "மைன தொக்டர்", என் மகள், என்றேன். "நைன், யுங்கே" என்று என் கையைத் தட்டினார். பெடியனாம். எனக்குக் கண் பரிசோதிக்கச் சொல்லி மகனிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் நாங்கள் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் முரசுமோட்டையில் இருந்தோம். வெளிநாட்டுப் படங்களுக்குக் கிளிநொச்சியில் தமிழ்க்குரல் கொடுப்பார்கள். அந்தப் பெடியனுக்குப் பேசியது பதினாறு வயதான என் மகள் சுகந்தி. வீட்டில் பழகுவதற்கு ரீவி இல்லை. குசினியில் அடுப்படியில் என்னை முன்னால் இருத்தி, "அம்மா, சத்தம் போடாமல் வாயை மட்டும் அசையுங்கோ" என்பாள். நான் வெட்கத்தோடு அசைப்பேன். அவள் அதற்குப் பெடியன் குரலில் பேசுவாள். கடைசியில் பெடியன், "நான் போறன் ஐயா" என்று சொல்லவேண்டும். அந்த இடத்தில் அவன் முதுகுதான் தெரியும், வாய் தெரியாது. "கண் தெரியாத மனுசனிட்டைப் போறன் எண்டு சொல்லுறதே?" என்று அவளே மாற்றினாள். வசனம் எழுதிய மாஸ்டர் வாசித்துவிட்டு, "இனி நீரே எழுதும் பிள்ளை" என்றாராம். "நான் போகேல்லை ஐயா, வாசலிலதான் நிக்கிறன் எண்டு சொல்லட்டோ, வேலிப் படலையில எண்டு சொல்லட்டோ அம்மா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேனோ.

அயலில் இராசம்மாக்கா வீட்டில் ஜெனரேற்றர் வைத்துப் படம் போட்டார்கள். சரியாக அந்தக் கடைசி இடத்தில் இராசம்மாக்கா, "இஞ்ச பாரடி, உன்ர பெட்டை பெடியனாப் போச்சு! இனி மாப்பிள்ளையே பாக்கிறது, பொம்பிளையே?" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வசனம் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் புதுக்குடியிருப்பில் சனநெரிசலுக்குள் சுகந்தியின் கை விடுபட்டது. இன்றுவரை தகவல் இல்லை. அவளுடைய படம் ஒன்று இருக்கிறது, குரல் இல்லை.

அன்று ரீவியில் பெடியன் முதுகைக் காட்டி நின்றபோது என் வாய் தானாக அசைந்தது. இது அதே படம்தானா, அவன் சட்டை நீலமா சிவப்பா, எல்லாம் குழம்புகிறது. தமிழில் வந்த படக்கொப்பி யாரிடமாவது இருந்தால் கடைசி இடத்தைப் போட்டுப் பார்த்து, அவள் எங்கே நிற்கிறதாகச் சொல்கிறாள் என்று எழுதுங்கள். வாசல் என்றால் இங்கேயும் ஒன்று இருக்கிறது. படலை முரசுமோட்டையில் மட்டும்தான்.