செத்தவர்கள் வரிசையில் ஒரு பனித்தட்டு

கிரிசாந்தியின் தலைமுடியில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். கடல் வாரமென்றால் நீலச்சாயம், தோட்ட வாரமென்றால் பயறு, நிலா வாரமென்றால் முட்டை நுரை. கிரீஸ் நாட்டு எடெஸ்ஸாவில் ஒரு மருந்துக்கடைக்காரர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். ஒருநாள் மரியாதையாக அவளுடைய கோட்டை எடுத்துக் கொடுக்கப்போனவர், பைக்குள் கைபட்டு, அங்கே கிடந்த பச்சை ஜெல்லியைத் தொட்டு அலறி, அத்தோடு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

"தொடவே பயப்படுற ஆளு எனக்கெதுக்கு? அப்படிப்பட்டவங்கதான் பகல் முழுக்க என் கூடவே இருக்காங்களே" என்றாள்.

அவள் சொன்னது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் அவர்களுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்வதுதான் அவள் பிழைப்பு. ஒவ்வொரு வாரமும் ஒரு உலகம். ஆளுக்கொரு தட்டு, அதில் பேர் எழுதி ஒட்டிய சீட்டு. அளைந்து, முகர்ந்து, வேண்டுமானால் வாயிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் தட்டில் இருப்பதெல்லாம் தின்னக்கூடியதாகவே இருக்கும்.

ஆர்கிரிஸ் மட்டும் எதையும் தொடமாட்டான். வருவான், இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொள்வான், தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு வருஷமாக இதுதான். கடலையும் காட்டையும் நிலாவையும் அவன் நின்றபடியே பார்த்து முடித்துவிட்டான். கிரிசாந்தி ஒருநாளும் அவன் கையைப் பிடித்து இழுத்ததில்லை.

அன்று சனிக்கிழமை காலை அவன் அம்மா ஃபோட்டினி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"இன்னையோட சரிக்கா. 'கைய விடாத பிள்ளைக்கு மாவு பிசையிற பள்ளிக்கூடம் எதுக்கு'ன்னு அவரு ஒரே பிடியா நிக்கிறாரு. இன்னைக்கும் தொடலைன்னா இனிமே அனுப்பமாட்டாராம்."

"தொடலைன்னா என்னடி? பாக்கிறானே, அதுவும் விளையாட்டுத்தான்."

"அத அவருகிட்ட சொல்லிப் பாருங்க."

கிரிசாந்தி அவன் பேர்ச்சீட்டை எடுத்துத் தட்டில் ஒட்டினாள். அந்த வாரம் பனி வாரம், அவள் தன் திறமையெல்லாம் காட்டியிருந்தாள். கோதுமையை வேகவைத்து, ஆறவைத்து, மேலே சர்க்கரைப் பொடியைத் தூவி, காகிதத்தால் அழுத்திப் பளபளவென்று சமன் செய்து, வெள்ளிநிற மிட்டாய் பதித்து, நடுவில் மூன்று சாக்லேட் பென்குயின்களைப் புதைத்திருந்தாள். ஃபோட்டினி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது அப்படியே கோலிவா மாதிரி இருக்கே? செத்தவங்களுக்குப் படைக்கிறதாச்சே!"

"வாய மூடுடி. இது துருவப் பிரதேசம்."

ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம், வேலை மும்முரத்தில் இவள் புத்திக்கு எட்டவில்லை. போதாக்குறைக்கு அன்று செத்தவர்களுக்காகப் பிரார்த்திக்கும் ஆன்மாக்களின் சனிக்கிழமை. ஊர்ப் பெண்களெல்லாம் கோலிவாத் தட்டும், செத்தவர் பேர் எழுதிய சீட்டுமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கூடத்துக்கும் கோயிலுக்கும் ஒரே சமையலறை. கிரிசாந்தி மற்ற தட்டுகளைக் கூடத்தில் வைத்துவிட்டு வருவதற்குள், கோயில் பணியாள் நோண்டாஸ் மேசையில் கிடந்த ஒரு தட்டைப் பார்த்தான். வெள்ளைச் சர்க்கரை, வெள்ளி மிட்டாய், பேர்ச்சீட்டு. பாவம், யார் வீட்டுச் சாவோ என்று பயபக்தியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

தட்டைக் காணாமல் கிரிசாந்தி கோயிலுக்குள் ஓடினாள். பின்னாலேயே ஃபோட்டினி, அவள் பின்னால் சத்தத்துக்குக் காது மூடி மாட்டிய ஆர்கிரிஸ். உள்ளே ஃபாதர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, செத்தவர்களுக்குக் கடவுளிடம் இளைப்பாறுதல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவான்தியா... த்ராசிவுலோஸ்... ஆர்கிரிஸ்..."

"ஐயோ! என் பிள்ளை உயிரோட இருக்கான் ஃபாதர்!" என்று ஃபோட்டினி போட்ட சத்தத்தில் மெழுகுவத்திகளே ஆடின.

யாரோ ஒரு பெண் "ஐயோ, சின்ன வயசாச்சே" என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். ஃபாதர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உயிரோட இருக்கிறவன் பேரை ஏம்மா இங்க வச்சீங்க?"

"நாங்க வைக்கலை! நோண்டாஸ் தூக்கிட்டு வந்துட்டான்!"

"எனக்கென்ன தெரியும்? கோலிவாவுக்குள்ள பென்குயின் இருக்கும்னு எவன் கண்டான்?" என்றான் நோண்டாஸ்.

இவர்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஆர்கிரிஸ் மேசைப்பக்கம் போயிருந்தான். நீள மேசை முழுக்க வெள்ளை வெளேரென்று வழுவழுப்பாகத் தட்டுகள். அப்படி ஒரு பனியை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. தன் தட்டை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய தட்டின் முன்னால் நின்றான். அக்குளிலிருந்து ஒரு கை வந்தது. பிறகு மற்றொன்று. நோண்டாஸ் பாய்ந்துபோய்த் தட்டிலிருந்த மெழுகுவத்தியை உருவினான். ஆர்கிரிஸ் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை உள்ளே விட்டு, வெள்ளி மிட்டாய்ச் சிலுவையைக் கலைத்து, கோதுமையை அள்ளி அள்ளிக் கொட்டினான். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கிரிசாந்தி அந்தச் சத்தத்தை அதுவரை கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தத் தட்டு செத்துப்போன த்ராசிவுலோஸுடையது. அவருடைய மனைவி தெஸ்பினா வாய்க்கு ஊரே நடுங்கும். கறுப்பு உடையில் அவள் மேசையருகே வந்து நின்றாள்.

"விளையாடட்டும்" என்றாள் தெஸ்பினா. "அந்த மனுஷன இத்தனை பிரியமா நான்கூடத் தொட்டதில்ல."

சொல்லிவிட்டு அவளே அழுதாள், சிரித்தாள். ஃபாதர் தலையை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மற்ற பேர்களைப் படிக்கத் தொடங்கினார்.

ஃபோட்டினி புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, தொட்டுட்டான்! ரெண்டு கையாலயும்!"

"எதைடி தொட்டான்?"

"செத்துப்போன த்ராசிவுலோஸ!"

என்ன புரிந்ததோ, மறுமுனையில் அவர் குரல் உடைந்து வந்தது.

"நான் வந்துகிட்டே இருக்கேன். அதுக்குள்ள யாரும் அவன் கையத் துடைச்சிறாதீங்க."