கன்னியம்மாளின் வலது கை

தட்டாஞ்சாவடியில் தகட்டுச் சாமான் செய்யும் பட்டறை ஒன்று. அங்கே பிரஸ் மிஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ யோசித்து வைத்த ஏற்பாடு. நம் ஆட்களுக்கு மட்டும் யோசிக்கத் தெரியாதா? ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கி வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம். அந்தக் கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். பீஸ் கூடும், கூலியும் கூடும்.

கன்னியம்மாளும் அப்படித்தான் டேப் சுற்றினாள். ஆறு வருஷத்துக்கு முன் வலது கையில் நான்கு விரல் போயிற்று. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், கூட்டிப் பெருக்கும் வேலையைக் கொடுத்தார், அத்தோடு மறந்துவிட்டார். புருஷன் கண்ணையன் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு எங்கோ போய்விட்டான். மகள் கார்குழலிக்குத் தலை பின்னிவிட முடியாமல் அவள் அழுத அழுகை கருவடிக்குப்பத்தில் அவள் குடியிருந்த தெருவுக்கே தெரியும்.

இடது கையால் எல்லாம் பழகிக்கொண்டாள். பழகாதது ஒன்றுதான், டேப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது. பெருக்கிக்கொண்டே வருவாள், கண்ட இடத்தில் பிய்த்து எறிவாள். சண்டைக்கு வந்தவர்கள் முன்னால் வலது கையை நீட்டுவாள். வந்தவர்கள் திரும்பிப் போய் இரண்டு கையாலும் அமுக்குவார்கள். அதுவரை முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த கை அது.

புதிதாக வந்த மேனகா மட்டும் மசியவில்லை. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிய்த்த டேப்பை மூன்று முறையும் திரும்ப ஒட்டினாள். சூப்பர்வைசர் கோவிந்தசாமியிடமும் போய்ச் சொன்னாள். அவர் கன்னியம்மாளைக் கூப்பிட்டு, "பெருக்கறதோட நிறுத்திக்க. இன்னொரு வாட்டி மிஷின்ல கை வெச்சா வேலைக்கே வராத" என்றார்.

மறுநாள் மத்தியானம் வைத்தாள். நேராக மேனகாவின் மிஷினுக்குப் போய், அச்சுக்கு அடியில் வலது கையை வைத்தாள்.

"இப்ப அமுக்கு."

"அக்கா, எடுங்கக்கா!"

"இதுல போறதுக்கு இனிமே என்னா இருக்கு? நானும் உன்ன மாதிரிதான் சுத்துனேன். அமுக்குடி!"

மேனகாவால் முடியவில்லை. டேப்பைத் தானே பிய்த்தாள். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

கோவிந்தசாமி சொன்ன சொல் தவறவில்லை. சாயங்காலமே கன்னியம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார். ஆனால் அத்தனை பேர் பார்த்த பிறகு அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. இனி டேப்போடு யாரும் உள்ளே வரக் கூடாது என்றுவிட்டார்.

கேட்டுக்கு வெளியே மேனகா காத்திருந்தாள். கும்பிடத்தான் நிற்கிறாள் என்று கன்னியம்மாள் நினைத்தாள்.

"எம் புருஷன் மருந்துக் காசுல மண்ணப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று அலறி, ஒவ்வொரு விரலாக நெட்டி முறித்துச் சபித்தாள் மேனகா.

நாளைக்கு வேலையில்லை. கார்குழலியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சாபம் முடியும்வரை கன்னியம்மாள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மேனகாவின் பத்து விரலிலும் சொடக்கு விழுந்தது.