முட்டை சாப்பிட்டதாகச் சொன்ன பிள்ளை

பொய் சொன்னது அந்தப் பிள்ளை இல்லை, அதிபரே. நீங்கள்தான். அந்தப் பொய்யைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நான்.

பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் அதிபர்; அதில் மூன்றாம் வகுப்பு என் பொறுப்பு. கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார், நல்ல சாப்பாடு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், பெற்றோரும் வரவேண்டும் என்று நீங்கள் அறிவித்தீர்கள். நல்ல விஷயம்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அது தேவை. கடற்கரையில் இருக்கிறோம் என்று பேர், நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் லொறி ஏறிப் போய்விடுகிறது. தாய்மார் பலர் விடியுமுன்னே நண்டுக் கொம்பனிக்குச் சதை எடுக்கப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பால் விடாத பிளேன் ரீயும் பேக்கரிப் பணிசும் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதைப் பற்றிப் பேசுவதுதான் பாடமாக இருந்திருக்க வேண்டும். இரவுக் குழம்பில் ஒரு துண்டு மீனைக் காலைக்கு எடுத்து வைக்கலாமா, பணிசோடு ஒரு வாழைப்பழம் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கலாம். நீங்களோ பதில்களை மட்டும் சொல்லித் தந்தீர்கள். நானும் பிள்ளைகளை இருத்தி அவற்றை மனப்பாடமாக்க வைத்தேன்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? இலைக்கஞ்சி, அவித்த முட்டை, வாழைப்பழம். பின்னேரம் என்ன செய்வீர்கள்? ஒரு மணித்தியாலம் ஓடி விளையாடுவோம்.

பாடமாக்க நேரம் போதவில்லை. அதனால் காலையில் பிள்ளைகள் மைதானத்தில் ஓடுகிற நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். வெளியே வெறும் மைதானத்தில் ஊர்க் கழுதைகள் நின்றன. உள்ளே பிள்ளைகள் கதிரையில் இருந்தபடி, "ஓடி விளையாடுவோம்" என்று கத்தினார்கள்.

ஒரு பொடியன் கை உயர்த்தினான். "ரீச்சர், எங்கட வீட்டில ஒரு கோழிதான் நிக்குது. அதுவும் சேவல்."

"அதுக்கென்ன?"

"அப்ப முட்டை ஆர் இடுறது?"

வகுப்பே சிரித்தது. "கதைக்காமல் சொல்லித் தந்ததைச் சொல்லு" என்றேன்.

நான் முதலில் சொன்ன அந்தப் பெண்பிள்ளை எல்லோருக்கும் முதலே பாடமாக்கிவிட்டாள். குரலும் கணீரென்றிருக்கும். அதனால்தான் அவளை முன்வரிசையில் விட்டேன்.

அதிகாரி வந்தார். அவளிடம்தான் கேட்டார். அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அவருக்குச் சந்தோஷம். "இந்தப் பிள்ளையின்ர அம்மா வந்திருக்கிறாவோ?" என்று மைக்கில் கேட்டார். கொம்பனியில் அரை நாள் லீவு எடுத்து வந்து, கடைசி வரிசையில் நின்ற தாய் முன்னே வந்தாள். அவளுடைய கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"வேலைக்கும் போய்க்கொண்டு எப்பிடித் தங்கச்சி விடியக் கஞ்சி காய்ச்சுறியள்? மற்ற அம்மாமாருக்கும் சொல்லுங்கோ."

அவளுக்கு நடிக்கத் தெரியாது. "நான் காய்ச்சுறேல்ல சேர். விடிய நான் வீட்டில நிக்கிறேல்ல. பிள்ளை தானே ரீ ஊத்திக் குடிச்சு, பணிஸ் சாப்பிட்டிட்டு வரும்."

சனம் சிரித்தது. அதிகாரியின் முகம் மாறியது. பிள்ளையிடம் திரும்பினார். "அப்ப எனக்குப் பொய்யோ சொன்னனீங்கள்? இத்தனை பேருக்கு முன்னால பொய் சொல்லலாமோ? மன்னிப்புக் கேளுங்கோ பாப்பம்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு, "சின்னப்பிள்ளைதானே சேர், ஏதோ ஆசையில சொல்லிப்போட்டுது" என்றீர்கள்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். மைக்கில். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கைகளைப் பார்க்க இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அன்றிலிருந்து அவளுக்கு 'முட்டை' என்று பட்டம். ஒழுங்கையில் போனாலும் 'முட்டை', மாதா கோயில் வாசலில் நின்றாலும் 'முட்டை'. பள்ளிக்கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்குப் போனேன். பிள்ளை என்னைக் கண்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முற்றத்தில் நின்றபடியே தாயிடம் நடந்ததைச் சொன்னேன். நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம், பிள்ளையில் பிழை இல்லை என்றேன். அவள் கோபப்படுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இந்த வருசம் அவவுக்குக் கோயிலில முதல்நன்மை, ரீச்சர்" என்றாள். "செய்த பாவத்தைச் சுவாமியிட்டச் சொல்லுற முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்துகினம். முட்டை சாப்பிட்டனான் எண்டு சொன்னதையும் சுவாமியிட்டச் சொல்லோணுமோ எண்டு ராவு ராவாக் கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

எங்களுடைய பொய்யை அந்தப் பிள்ளை தன் பாவமென்று தூக்கிக்கொண்டு திரிகிறது.

"அவவிட்ட நான் கதைக்கட்டோ?" என்று கேட்டேன்.

"இஞ்ச வந்து கதைச்சு என்ன, ரீச்சர்? என்ர பிள்ளை மைக்கில எல்லோ மன்னிப்புக் கேட்டது."

அடுத்த நாள் உங்களிடம் வந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது ஞாபகம் இருக்கிறதா? "பேசாமல் விடுங்கோ ரீச்சர். கந்தோரில எங்களுக்கு நல்ல பேர். பிள்ளையள் எல்லாத்தையும் மறந்திடுவினம்."

அவள் மறக்கவில்லை. நல்ல சாப்பாட்டைப் பற்றி எங்களிடம் அவள் படித்தது ஒன்றுதான்: தன் வீட்டில் சாப்பிடுவது வெளியே சொல்லக்கூடாத ஒன்று. அதைத்தான் நான் கற்பித்திருக்கிறேன். வகுப்பில் பழங்களின் படத்தை ஒட்டிவிட்டு அதன் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விளையாட்டுப் போட்டி வருகிறது. அதே அதிகாரிதான் விருந்தாளி. அதே பெற்றோர், அதே மைக். நான் மேடையேறி, சொல்லிக் கொடுத்தவள் நான் என்று சொல்லப்போகிறேன். நீங்களும் ஏறுங்கள், அதிபரே. சொல்லிக் கொடுக்கச் சொன்னது யார்? பிள்ளைகள் ஓடுகிற நேரத்தைப் பறித்தது யார்? அந்தத் தாயும் பிள்ளையும் கேட்க, ஊரும் கேட்க, மைக்கில் பதில் சொல்லுங்கள்.