மரியாதை நாலு காலுக்குத்தான்

அடையாறில் கைவிடப்பட்ட பிராணிகளுக்குக் காப்பகம் நடத்தும் அவருக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது. வைக்கோல் ஒட்டிய தாடி, முழங்கால்வரை மடித்துவிட்ட பேண்ட். குருட்டுக் கழுதையை ‘வாங்க’ என்பார். நம்மை ‘நீ’ என்பார். மந்தைவெளியில் அடிபட்டுக் கிடந்த பூனையை நான் கொண்டுபோய் ஒப்படைத்த அன்று, தி. நகரிலிருந்து ஒரு தம்பதி காரில் வந்திறங்கினார்கள். புது ஃப்ளாட்டுக்குப் போகிறார்களாம். கிழட்டு லாப்ரடாரை அங்கே வைத்துக்கொள்ள முடியாதாம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அந்தம்மா விசும்பினாள்.

"உள்ள வாங்க சார், சாப்பிடலாம்" என்று நாயிடம் சொல்லிச் சங்கிலியை வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கலாமா சார்?" என்றான் கணவன்.

"எதுக்கு? உன்னப் பாத்தா கூடவே கிளம்பிடுவாரு. மறுபடியும் விட்டுட்டுப் போவ. ஒரு தடவ போதும், கிளம்பு."

கார் போனபிறகும் நாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வணக்கம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டை மூடிட்டுப் போ."

பூனையைக் கொண்டுவந்தவனையும் அவர்களோடு சேர்த்துவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும், நாய்க்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் மூடினேன்.